மழையில் 5 நாள் மான் வேட்டை: என்ன உடுத்துவது, எந்த பூட்ஸ்?

மலைச்சாரல்:

அடுத்த மாதக் கடைசியில் முதல் தடவையாக 5 நாள் மான் வேட்டைக்குப் போகிறேன். உரிமம், அனுமதி எல்லாம் வாங்கியாயிற்று. கூட வருபவர் பல வருட அனுபவம் உள்ளவர், ஆனால் துணிமணியைப் பற்றிக் கேட்டால் "குளிரும், நல்லா போத்திக்கிட்டு வா" என்பதோடு முடித்துவிடுகிறார். செங்குத்தான மலைச்சரிவு, இடுப்பு உயரப் புதர், நடுவில் இரண்டு மூன்று ஓடைகள், மற்ற இடமெல்லாம் சேறு. அந்தப் பருவத்தில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருக்குமாம். பகலில் 8 டிகிரி, இரவில் 2 வரை இறங்கும். தங்குவது கூடாரத்தில்.

கையில் இருப்பது ஜீன்ஸ், பருத்தி பனியன்கள், தடிமனான பருத்தி ஸ்வெட்டர், இறகு அடைத்த ஜாக்கெட் ஒன்று, அப்புறம் 8 வருடத்துக்கு முன் வாங்கி நான்கைந்து முறை மட்டும் போட்டுவிட்டு அலமாரியில் வைத்த தோல் பூட்ஸ். பூட்ஸ் பார்க்கப் புதுசாகவே இருக்கிறது.

ரெயின் ஜாக்கெட் வாங்கலாம் என்று பார்த்தால் ஒன்றில் 10,000 மி.மீ. என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 20,000 மி.மீ., அது என்ன கணக்கு என்றே புரியவில்லை. ரப்பர் பூட்ஸ் நல்லதா, தோல் பூட்ஸ் நல்லதா? இலை தழை அச்சடித்த உடை கட்டாயமா? போன வருடம் ஒரு நாள் நடையிலேயே தொப்பலாக நனைந்து, விரல் விறைத்துப்போய், என் பையின் ஜிப்பையே என்னால் திறக்க முடியவில்லை. ஒரு நாளுக்கே அந்தப் பாடு என்றால் 5 நாள் எப்படி என்று உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

பழையதடம்:

அந்தப் பயம் நியாயமானதுதான். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், 5 நாள் மழையில் நனையாமல் இருக்க முடியாது. எவ்வளவு செலவழித்து வாங்கினாலும் கழுத்து வழியாகவோ கைமுனை வழியாகவோ தண்ணீர் இறங்கும், அது இறங்காவிட்டால் வியர்வையிலேயே நனைவீர்கள். அதனால் நனைந்தாலும் உடம்பு சூட்டோடு இருக்க வேண்டும், ராத்திரி படுக்கும்போது ஒரு ஜோடி உலர்ந்த துணி கையில் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் மனதில் வைத்துத் துணி எடுத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஜீன்ஸ், பருத்தி பனியன், பருத்தி ஸ்வெட்டர் எதுவும் வேண்டாம். பருத்தி தண்ணீரைக் குடித்துவிட்டு விடாமல் வைத்துக்கொள்ளும், தோலோடு ஒட்டிக்கொள்ளும், அந்தக் குளிரில் காயவே காயாது. காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும் என்பதால் ஈர பனியனோடு உட்கார்ந்திருப்பது உடம்புச் சூட்டை வடிய விடுவதுதான். உடம்பின் உள் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து, அதற்கு உறைபனி தேவையில்லை, நீங்கள் சொல்லும் 8 டிகிரியும் ஈரத்துணியும் காற்றும் சேர்ந்தாலே போதும். கூட வருபவர் தடுமாறி நடந்தாலோ பேச்சு குழறினாலோ வேட்டையை நிறுத்திவிட்டு முதலில் அவர் ஈரத்துணியை மாற்றுங்கள், உங்களுக்கும் அதையே செய்யச் சொல்லி வையுங்கள்.

உள்ளே மெரினோ கம்பளி பனியன் போடுங்கள், சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் எடையுள்ள துணி உங்கள் வேலைக்குச் சரியாக இருக்கும். கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம் ஈரத்தை நாருக்குள் வாங்கிக்கொண்டாலும் தொட்டால் நனைந்த மாதிரி தெரியாது, நாற்றமும் அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. அதற்கு மேல் மெல்லிய ஃப்ளீஸ், அதாவது பஞ்சுபோன்ற பாலியஸ்டர் மேலாடை. கீழே சீக்கிரம் காயும் பாலியஸ்டர் அல்லது நைலான் பேண்ட், மிகவும் குளிர்ந்தால் அதற்கு உள்ளே காலோடு ஒட்டும் கம்பளி உள்பேண்ட். இறகு ஜாக்கெட் நனைந்தால் இறகெல்லாம் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு சூடு பிடிக்காது, அதைத் தண்ணீர் புகாத பையில் கட்டிக் கூடாரத்திலேயே வைத்துவிடுங்கள். மலைமேல் உட்காரும் நேரத்துக்கு செயற்கை நார் அடைத்த ஜாக்கெட் எடுத்துக்கொள்வது நல்லது.

அந்த மி.மீ. கணக்கு இதுதான்: துணிக்கு மேல் எவ்வளவு உயரத் தண்ணீர் நின்றால் அது கசியத் தொடங்கும் என்று பார்ப்பார்கள். 10,000 என்றால் 10 மீட்டர் தண்ணீர். மழைத்துளிக்கு அது தாராளம், ஆனால் பைவார் அழுத்தும் தோளிலும், நீங்கள் மண்டியிடும் முழங்காலிலும், ஈர மண்ணில் உட்காரும் இடத்திலும் அழுத்தம் பல மடங்கு கூடும், அங்கேதான் 20,000 கை கொடுக்கும். எண்ணைவிட நான் முதலில் பார்ப்பது அக்குளுக்குக் கீழே ஜிப் இருக்கிறதா, தலையைத் திருப்பினால் தொப்பியும் கூடவே திரும்புகிறதா, கால்சட்டையின் பக்க ஜிப் பூட்ஸைக் கழற்றாமல் மாட்டும் அளவுக்கு நீளமா என்பதைத்தான்.

இதை எழுதுவதற்குக் காரணம் என் முதல் வேட்டை. மழை வரும் வரும் என்று ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் ஏறினேன், ஒரு சொட்டு மழை பெய்யவில்லை. மேலே போய்த் திறந்தால் உள்ளே பிழிந்தெடுக்கலாம் போல ஈரம். இருபது நிமிடம் உட்கார்ந்ததும் பல் கிட்டிப்போய் வெடவெடவென்று நடுக்கம். அப்போதுதான் எதிர்ச்சரிவில் மான் வந்து நின்றது. தொலைநோக்கிக்குள் குறி அதன் தோளுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருந்தது, சுடாமல் இறங்கிவிட்டேன். காயத்தோடு ஓடவிட்டிருந்தால் இன்றுவரை மனசு உறுத்திக்கொண்டிருக்கும். ஏறும்போது கொஞ்சம் குளிர்கிற அளவுக்குத் துணியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு ஏறுங்கள், மேலே போய் உடம்பு ஆறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

தோல்வார்:

மேலே சொன்னது எல்லாம் சரி, நான் பூட்ஸுக்கு மட்டும் வருகிறேன், ஏனென்றால் அந்த 8 வருட பூட்ஸைப் படித்ததும் பதறிவிட்டது. போட்டுத் தேயவில்லை என்பதால் நன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான மலை பூட்ஸில் அடித்தட்டுக்கும் மேல்தோலுக்கும் நடுவில் பாலியூரித்தேன் நுரை இருக்கும். அது காற்றில் இருக்கும் ஈரத்தாலேயே மெல்ல மெல்லச் சிதையும், அலமாரியில் சும்மா கிடந்தாலும் சிதையும். எனக்கு நடந்தது: ஆறு வருடம் பெட்டியில் வைத்திருந்த ஜோடி, இரண்டாம் நாள் ஓடையைத் தாண்டி நாலு அடி வைத்ததும் வலது கால் அடித்தட்டு வாய் பிளந்தது, குனிந்து பார்த்தால் நடு நுரை ஈர ரொட்டி மாதிரி விரலில் வந்துவிட்டது. பைக்கயிற்றால் சுற்றிக் கட்டிக்கொண்டு 9 கிலோமீட்டர் இறங்கினேன். இன்றைக்கே உங்கள் பூட்ஸின் நடுத்தட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். விரிசல் தெரிந்தாலோ பொடி உதிர்ந்தாலோ அதை மறந்துவிடுங்கள்.

ரப்பரா தோலா என்றால், சமவெளிச் சேறு, சதுப்பு, குறைந்த நடை என்றால் ரப்பரைத் தாராளமாகச் சொல்வேன், தண்ணீர் புகவே புகாது, மனித வாசமும் தரையில் குறைவாகப் படியும். உங்கள் இடம் செங்குத்துச் சரிவு. ரப்பர் பூட்ஸ் கணுக்காலைப் பிடிக்காது, இறங்கும்போது கால் முன்னால் சறுக்கி நகமெல்லாம் கறுத்துப்போகும், உள்ளே வியர்வை தேங்கி அது வேறு சளக் சளக் என்று கேட்கும். உங்களுக்கு வேண்டியது 2.5 மி.மீ.க்குக் குறையாத முழுத்தோல், 20 செ.மீ. உயரத்துக்கு மேல், சுற்றிலும் ரப்பர் விளிம்பு, வளைத்தால் லேசில் வளையாத அடித்தட்டு, ஆழமான பள்ளங்கள். பள்ளங்கள் நெருக்கமாக இருந்தால் சேறு அப்பிக்கொண்டு வழுக்கும், அகலமாக இருந்தால் தானாக உதிரும்.

வாங்கும்போது மாலை நேரத்தில் போங்கள், அப்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். வேட்டைக்குப் போடப்போகும் அதே தடிமன் சாக்ஸைப் போட்டுக்கொண்டு பாருங்கள். கயிறு கட்டாமல் காலை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் போக வேண்டும், கட்டியபின் நடந்தால் குதிகால் மேலே எழும்பக் கூடாது. வீட்டுக்குள் இரண்டு நாள், அப்புறம் வெளியே, அப்புறம் பையில் பாரத்தோடு மேடு பள்ளத்தில் என்று படிப்படியாகப் பழக்குங்கள். காலில் ஒரு கிலோ கூடுவது முதுகில் ஏறக்குறைய 5 கிலோ கூடுவதற்குச் சமம், அதனால் கனமானதுதான் உறுதி என்று நினைத்து இரும்புக்குண்டு மாதிரி எதையும் வாங்கிவிடாதீர்கள்.

முழங்கால் வரை வரும் கெய்ட்டர் (பூட்ஸின் வாயையும் கெண்டைக்காலையும் சுற்றி மாட்டும் உறை) கட்டாயம். ஈரப் புதரில் நடக்கும்போது பூட்ஸுக்குள் தண்ணீர் மேலிருந்துதான் வரும், பேண்ட் நனைந்து சாக்ஸ் வழியாக இறங்கும். ரெயின் பேண்ட்டை கெய்ட்டருக்கு வெளியே விடுங்கள், உள்ளே சொருகினால் அதுவே வாய்க்கால் ஆகிவிடும்.

காற்றின்திசை:

ஒரே ஒரு இடத்தில் பழையதடம் அவர்களோடு எனக்கு ஒத்துவரவில்லை. கம்பளி நல்லதுதான், ஆனால் காய்வதற்கு நேரம் பிடிக்கும், நாள் முழுக்க ஏறி இறங்குகிற ஆளுக்கு மெல்லிய பாலியஸ்டர் பனியன் உடம்புச் சூட்டிலேயே காய்ந்துவிடும். நான் அடியில் வலை பனியன் போட்டு அதன்மேல் மெல்லிய கம்பளி போடுகிறேன். 1930களில் நார்வே ராணுவ அதிகாரி ஒருவர் மீன்வலையை வைத்து அந்த பனியனை உருவாக்கினார். கண்ணிகளுக்குள் காற்று நிற்கும், மேல்துணி நனைந்தாலும் தோலில் ஒட்டாது. நாற்றம் மட்டும்தான் பாலியஸ்டரில் குறை, அது வேட்டையில் பெரிய குறை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் சத்தம். கடையில் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கையை உடம்போடு உரசிப் பாருங்கள். சரசரவென்று காகிதம் மாதிரி கேட்டால் மலையேறுபவருக்கு அது பரவாயில்லை, 60 மீட்டரில் மானை நெருங்குபவருக்கு ஆகாது. வெளிப்பக்கம் மென்மையான பஞ்சுத்தன்மை கொண்ட துணி கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் பிடிக்கும், கனமும் ஏறும், ஆனால் சத்தம் போடாது. தொங்கும் நாடா, கயிறு இருந்தால் உள்ளே சொருகுங்கள், துப்பாக்கியில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

இலை தழை அச்சு இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது. மானுக்குச் சிவப்பை உணரும் செல் கண்ணில் இல்லை, ஆரஞ்சும் சிவப்பும் அதற்கு மங்கலாகத்தான் தெரியும், நீலம்தான் பளிச்சென்று தெரியும். ஆகவே ஜீன்ஸ் இன்னொரு வகையிலும் தப்பு! துணியை வெள்ளை கூட்டும் சோப்புத் தூளில் துவைக்காதீர்கள், அதில் இருக்கும் பளபளப்புப் பொருள் நீல வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும். உங்கள் இடத்துச் சட்டம் ஆரஞ்சு உடை கேட்டால் தயங்காமல் போடுங்கள், கேட்காவிட்டாலும் மற்ற வேட்டைக்காரர்கள் இருக்கும் காட்டில் ஆரஞ்சுத் தொப்பியாவது வேண்டும்.

மலைச்சாரல்:

எல்லோருக்கும் நன்றி, மூன்று பேரும் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டேன். தோல்வார் சொன்னபடி பூட்ஸை எடுத்து வளைத்துப் பார்த்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை, ஆனால் குதிகால் பக்கம் கட்டைவிரலை அழுத்தியதும் குழி விழுந்து அப்படியே நின்றுவிட்டது, இன்னொரு தடவை வளைத்தபோது தரையில் மஞ்சள் பொடி கொட்டியது. சத்தியமாக நான் எதிர்பார்க்கவே இல்லை. புது பூட்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டும், 5 வாரம் இருக்கிறது, பழக்க அது போதுமா?

இன்னொன்று, கூடாரத்தில் ஈர பூட்ஸை எப்படிக் காய வைப்பது, ஓடையைத் தாண்டும்போது என்ன செய்வது?

தோல்வார்:

நல்ல வேளை, வீட்டிலேயே தெரிந்தது. 5 வாரம் போதும், ஆனால் இந்த வாரமே வாங்குங்கள்.

தீக்கருகில் மட்டும் வைக்காதீர்கள், தோல் வெடிக்கும், பசை விட்டுப்போகும். உள்தட்டை வெளியே எடுத்துவிட்டு, உலர்ந்த துணியோ செய்தித்தாளோ உள்ளே அடைத்து, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். காலைக்குள் முழுசாகக் காயாது, பரவாயில்லை. ஓடை முழங்காலுக்குக் கீழே இருந்தால் சாக்ஸையும் உள்தட்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெறும் காலில் பூட்ஸ் மாட்டித் தாண்டுங்கள், அக்கரையில் தண்ணீரைக் கொட்டித் துடைத்துவிட்டு உலர்ந்த சாக்ஸைப் போடுங்கள். பூட்ஸ் இல்லாமல் மட்டும் இறங்காதீர்கள், கல்லில் கால் பிசகினால் வேட்டை அங்கேயே முடிந்தது. முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடினால் தாண்டவே வேண்டாம், வடியும்வரை காத்திருங்கள்.

பழையதடம்:

சாக்ஸ் நான்கு ஜோடி, எல்லாம் கம்பளி. ஒன்று படுக்கைக்கு மட்டும், பகலில் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் அதைத் தொடக் கூடாது. ராத்திரி காலைத் துடைத்து, அந்த உலர்ந்த சாக்ஸோடு எட்டு மணி நேரம் பாதத்துக்கு ஓய்வு கொடுங்கள். முதல் உலகப் போரில் பதுங்குகுழியில் நின்ற வீரர்களுக்குப் பாதம் அழுகிப்போனது நாள் கணக்கில் ஈரத்தில் ஊறியதால்தான், அது 15 டிகிரியிலும் வரும். பாதம் வெளுத்துச் சுருங்கி மரத்துப்போனால் உடனே காய வையுங்கள், தேய்க்காதீர்கள்.

நனைந்த சாக்ஸைப் பிழிந்து தூங்கும்போது வயிற்றின்மேல் பனியனுக்கும் ஃப்ளீஸுக்கும் நடுவில் வைத்துக்கொண்டால் காலைக்குள் போடும் அளவுக்குக் காய்ந்துவிடும். காலையில் வெதுவெதுப்பாகவும் இருக்கும். கையுறையும் இரண்டு ஜோடியாவது எடுங்கள், போன வருடம் ஜிப் திறக்க முடியாமல் நின்றீர்களே, அது முதல் ஜோடி நனைந்ததும் மாற்றாததால் வருவது.

ஜாக்கெட் வாங்கியதும் பாரத்தோடு பையை மாட்டிக்கொண்டு ஷவருக்குக் கீழே பத்து நிமிடம் நில்லுங்கள். தோளிலும் கழுத்திலும் எங்கே நனைகிறது என்று தெரிந்துவிடும். தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் துணியில் பரவினால் மேல்பூச்சு போய்விட்டது என்று அர்த்தம், ஓட்டை இல்லாமலேயே உள்ளே வியர்வை தேங்கி ஒழுகுகிற மாதிரி இருக்கும். அதற்கென்று உள்ள சோப்பில் துவைத்து, லேபிளில் அனுமதி இருந்தால் உலர்த்தியில் மிதமான சூட்டில் ஓட்டினால் பெரும்பாலும் திரும்பிவிடும். துணி மென்மையாக்கி மட்டும் வேண்டவே வேண்டாம்.

மலைச்சாரல்:

சரி, இன்று மாலையே சாக்ஸோடு கடைக்குப் போகிறேன். வாங்கிய ஜோடியைப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் நடந்துவிட்டு, குதிகால் எப்படி இருக்கிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.