ஓடும்போதே நின்றுபோகும் எஞ்சின்: 'ஸ்டால்' என்பதற்குச் சொல் வேண்டும்

மாலை வகுப்பு ஆசிரியர், தண்டையார்பேட்டை:

அன்பர்களுக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை பாடக்குறிப்பு அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல் மாட்டிக்கொண்டு நிற்கிறது. என் மாணவர்கள் பகலில் ஒர்க்‌ஷாப்பில் ஹெல்பராக இருந்துவிட்டு மாலையில் படிக்க வருகிறவர்கள்.

பாடம் இதுதான். ஏர் ஃபில்டர் மாற்றிக் கொடுத்த கார் மறுநாளே திரும்பி வருகிறது. ரேஸ் கொடுத்தால் நன்றாக ஓடுகிறது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், நிமிடத்துக்கு 800 சுற்றில் நிற்க வேண்டிய முள் 600, 400 என்று இறங்கி, வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிடுகிறது. காற்றை அளக்கும் சென்சாருக்கு அடுத்து இருக்கும் ரப்பர் ஹோஸில் கிளாம்பை யாரோ சரியாக இறுக்கவில்லை. அந்தச் சந்தில் நுழையும் திருட்டுக் காற்று சென்சார் கணக்கில் வராது. ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற அளவு குலைகிறது, பெட்ரோல் போதவில்லை. வேகமாக ஓடும்போது உள்ளே போகும் காற்றே ஏராளம், இந்தக் கசிவு அதில் ஒரு பொருட்டில்லை. ரேஸ் கொடுக்காமல் எஞ்சின் சும்மா ஓடும் ஐடிலிங்கில் அதுவே பெரும்பங்கு.

'நின்றுவிடுகிறது' என்று பலகையில் எழுதினேன். "சார், வண்டி நிக்குதா, எஞ்சின் நிக்குதா?" என்றான் ஒரு பையன். நியாயமான கேள்வி. சாவி திருப்பி நிறுத்துவது வேறு, ஸ்டார்ட்டே ஆகாதது வேறு, ஓடிக்கொண்டிருக்கும்போது தானாக நிற்பது வேறு. மூன்றாவதற்கு ஒரு சொல் தாருங்கள். ஸ்டால் என்றால் அவர்களுக்குப் புத்தகக் கண்காட்சிக் கடைதான்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பெரம்பூர்:

'அவிதல்' இருக்கிறதே. 'ஆன்றவிந்து அடங்கிய கொள்கைச் சான்றோர்' என்பது புறநானூறு 191. புலன்கள் கிளர்ச்சி இல்லாமல் அடங்குவதைப் பிசிராந்தையார் அப்படிச் சொல்கிறார். விளக்கு அவிந்தது என்று இன்றும் சொல்கிறோம். 'பொறி அவிவு' என்று போடுங்கள். எஞ்சின் என்று எழுதுவதை முதலில் விடுங்கள்.

பட்டறை வைத்திருப்பவர், வியாசர்பாடி:

ஐயா, அவிவு என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு இட்லிதான் ஞாபகம் வரும். பொறி என்றால் எலிப்பொறி. பட்டறையில் "ஆஃப் ஆயிடுது" என்கிறோம், "அணைஞ்சி போச்சு" என்றும் சொல்கிறோம். ஏற்கெனவே வாயில் இருக்கும் சொல்லை ஏன் தாண்டிப் போக வேண்டும்?

அப்புறம், பாடத்தில் இதையும் சேருங்கள். வேலைக்காக பேட்டரியைக் கழற்றினால் ஐடிலிங் பற்றி இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) கற்று வைத்திருந்தது சில வண்டிகளில் அழிந்துவிடும். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலில் கரி படிந்திருந்தால் அதனாலும் இப்படியே அணையும். கிளாம்பைத் தொடுவதற்கு முன் பேட்டரி கழற்றினார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். 'திருட்டுக் காற்று' நல்ல சொல், அதை மாற்றிவிடாதீர்கள்.

மொழிபெயர்ப்பாளர், திருவொற்றியூர்:

அணைதலுக்கே என் ஓட்டு. தானாக நின்றால் 'அணைந்தது', நாம் நிறுத்தினால் 'அணைத்தேன்'. தன்வினை, பிறவினை வேறுபாடு ஓர் எழுத்திலேயே வந்துவிடுகிறது. வாடிக்கையாளர் இரண்டில் எதைச் சொன்னார் என்று கேட்டாலே பழுது தேடுவதில் பாதி முடிந்தது. ஆனால் விமானத்துக்கும் இதே சொல்லைப் போடக் கூடாது. அங்கே ஸ்டால் என்பது இறக்கை தூக்குவிசையை இழப்பது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும்.

தமிழாசிரியர், பெரம்பூர்:

அணைதலின் பழைய பொருள் சேர்தல், தழுவுதல். மேட்டூரில் இருப்பதும் அணைதான். ஒரே சொல்லில் எத்தனை சுமை! இட்லி என்று சொல்லி அவிதலைத் தள்ளினீர்கள், சரி. 'ஓய்தல்' இருக்கிறது. தொல்காப்பிய உரியியலில் 'ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்' என்று வருகிறது. இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக மெலிவது. 800, 600, 400 என்று முள் இறங்குவதாக நீங்கள் எழுதினீர்களே, அது இதுதான். நிழத்தலும் இதற்குப் பொருந்தும். யாரும் கையாளாமல் கிடக்கும் சொல், இப்போது எடுக்கலாம்.

பட்டறை வைத்திருப்பவர், வியாசர்பாடி:

நிழத்தல் என்றால் வண்டியை நிழலில் நிறுத்தச் சொல்கிறோம் என்று நினைப்பார்கள் ஐயா.

மாலை வகுப்பு ஆசிரியர், தண்டையார்பேட்டை:

நேற்று வகுப்பில் அணைதல், ஓய்தல் இரண்டையும் எழுதிப் போட்டேன். ஓய்தலைப் பார்த்து, "எஞ்சினுக்கு ரெஸ்ட் குடுக்கறதா சார்?" என்றார்கள். அணைந்துபோதலை யாரும் விளக்கம் கேட்கவில்லை. நேரமில்லை. 'எஞ்சின் அணைந்துபோதல்' என்றே அச்சுக்குத் தருகிறேன். உதவிய எல்லாருக்கும் நன்றி.

தமிழாசிரியர், பெரம்பூர்:

பெரும்பான்மைக்குக் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அணைவது கடைசி நொடியில் நடப்பது. அதற்கு முன் முள் இறங்கும் நாலைந்து நொடிக்கு உங்கள் குறிப்பில் பெயரே இல்லை. கிளாம்ப் தளர்ந்திருப்பதைக் காட்டிக்கொடுப்பது அந்த நொடிகள்தானே? ஒரேயடியாக அணைகிற வண்டியில் நீங்கள் வயரிங்கைத்தானே முதலில் பார்ப்பீர்கள்? 'ஓய்ந்து அணைதல்', 'ஒரேயடியாக அணைதல்' என்று இரண்டாகப் பிரித்து அடுத்த பதிப்பிலாவது போடுங்கள்.