பெங்களூரில் ஒரு மனு எழுத உதவி வேண்டும்

வணக்கம். அல்சூரில் எங்கள் மாடி வீட்டில் இருக்கும் ஈழத்து அம்மாவுக்காகக் கேட்கிறேன். கிளிநொச்சிப் பக்கம் வயல் வைத்திருந்த குடும்பம், 2009 தொடக்கத்தில் ஷெல்லடிக்குப் பயந்து தருமபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று இடம் மாறி மாறி முள்ளிவாய்க்கால் வரை போயிருக்கிறார்கள். மே மாதம் வட்டுவாகல் பாலம் கடந்ததும் விசாரணைக்கு என்று பிரித்து பஸ்ஸில் ஏற்றிய மகனை அப்புறம் அவர் பார்க்கவே இல்லை. "நான் உயிரோடைதானே பிள்ளையைக் குடுத்தனான்" என்பார். மரணச் சான்றிதழ் என்ற பேச்சையே எடுக்க முடியாது.

அங்கே கொடுத்த மனுக்களுக்குப் பதில் இல்லை. சரி, வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோருக்கான ஐநா செயற்குழுவுக்கே அனுப்பலாம் என்றிருக்கிறோம். கட்டணம் கிடையாது, உள்நாட்டு வழக்குகள் முடிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஆனால் தமிழில் எழுதினால் ஏற்க மாட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்கார்ந்து, பொறுமையாகக் கேட்டு, தேதி, இடம் பிசகாமல் ஆங்கிலத்தில் எழுதித்தர யாராவது வருவீர்களா? ஈழத்துப் பேச்சு புரிந்தால் நல்லது, எனக்கே பாதி புரிவதில்லை. இப்படி மனு போட்ட அனுபவம் உள்ள வக்கீல் தெரிந்தாலும் சொல்லுங்கள். தண்ணீரில் ஊறிப்போன ஒரே ஒரு போட்டோ இருக்கிறது, அதைச் சரிசெய்யவும் ஆள் வேண்டும். தயவுசெய்து இதை வேறு எங்கும் பகிராதீர்கள், அவர் சொந்தங்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்.