மலாவி ஏரிக்கரை: 8 இரவு, வாடகை வண்டி, எந்தப் பக்கமிருந்து தொடங்கலாம்?

வழித்துணை எழுதியது:

ஜூன் கடைசியில் நால்வர் ஆப்பிரிக்க நாடான மலாவி போகிறோம். லிலோங்வேயில் இறங்கி அங்கேயே விமானம் ஏற வேண்டும். கையில் 8 இரவு. இப்போதைக்குப் போட்டிருக்கும் திட்டம் இது: லிலோங்வே, சலிமா, பிறகு எம்5 சாலையில் வடக்கே நகோட்டகோட்டா, நகாட்டா பே, ம்சுசு, கடைசியில் மலைமேல் உள்ள லிவிங்ஸ்டோனியா. அங்கிருந்து எம்1 வழியாக ஒரே மூச்சில் லிலோங்வே திரும்புவது. நேரம் மிஞ்சினால் ஏரியின் தெற்குக் கோடியில் உள்ள கேப் மெக்ளியர்.

கேள்விகள்: இந்தத் திசை சரியா? சாதாரண கார் போதுமா, 4x4 (நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி) வேண்டுமா? பெட்ரோல் தட்டுப்பாடு என்கிறார்களே, எந்த அளவுக்கு? ஏரியில் குளிக்கலாமா?

மைல்கல் எழுதியது:

திட்டத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். முதலில் எம்1-இல் வடக்கே போய்விட்டு, ஏரியை ஒட்டித் தெற்கே இறங்குங்கள்.

மலாவியில் இடதுபக்கம் ஓட்டுவார்கள். ஏரி நாட்டின் கிழக்குப் பக்கம். வடக்கே போனால் ஏரி உங்கள் வலப்பக்கம். ஒவ்வொரு முறை கரைக்குத் திரும்பும்போதும் எதிர்வரும் லாரிகளைக் குறுக்கே வெட்ட வேண்டும். தெற்கே வந்தால் ஏரி இடப்பக்கம்: நினைத்த இடத்தில் ஒதுங்கலாம், பக்கத்து இருக்கையில் இருப்பவர் கேமராவை நீட்டினாலே போதும். இன்னொன்று, நீண்ட சலிப்பான ஓட்டம் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். விமானம் பிடிக்கும் நாளுக்கு முந்தைய நாள் லிவிங்ஸ்டோனியாவிலிருந்து 500 கி.மீ. ஓட்டுவது வேண்டாத வேலை.

எம்5 பற்றி ஒரு தவறான எண்ணம் பலருக்கு உண்டு. அது கடற்கரைச் சாலை மாதிரி தண்ணீரை ஒட்டி ஓடுவதில்லை. பெரும்பாலும் சில கி.மீ. உள்ளே தள்ளி, சமவெளியில், கிராமங்கள் நடுவே போகிறது. ட்வாங்வா பக்கம் கண்ணுக்கெட்டியவரை கரும்புத்தோட்டம். ஏரியைப் பார்க்க ஒவ்வொரு முறையும் கிளைச்சாலையில் திரும்பியாக வேண்டும். காரிலிருந்தே வாய் பிளக்க வைக்கும் காட்சி மூன்று இடங்களில்தான்: எம்1-இல் சிவேட்டா மலைச்சரிவு, ம்சுசுவிலிருந்து நகாட்டா பே இறங்கும் வழி, தெற்கே டெட்சாவுக்கும் கொலோமோட்டிக்கும் நடுவே உள்ள சரிவு. மூன்றையும் ஒரே வட்டத்தில் அடக்கலாம்.

1ஆம் இரவு லிலோங்வே. 2ஆம் இரவு ம்சுசு (எம்1, சுமார் 360 கி.மீ.; வரைபடச் செயலி காட்டும் நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டுங்கள்). 3ஆம் இரவு லிவிங்ஸ்டோனியா (சிட்டிம்பா வழி, சுமார் 155 கி.மீ.). 4, 5ஆம் இரவு நகாட்டா பே அல்லது அதற்குத் தெற்கே சின்டேச்சே. 6ஆம் இரவு நகோட்டகோட்டா. 7, 8ஆம் இரவு கேப் மெக்ளியர். அங்கிருந்து கொலோமோட்டி, டெட்சா வழியாக லிலோங்வே சுமார் 250 கி.மீ. விமானம் மதியத்துக்கு முன் என்றால் 8ஆம் இரவை லிலோங்வேக்கு மாற்றிவிடுங்கள். விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே 25 கி.மீ. தள்ளி இருக்கிறது. தெற்கிலிருந்து வருபவர் முழு நகரத்தையும் கடந்தாக வேண்டும்.

கேப் மெக்ளியரை "நேரம் மிஞ்சினால்" என்று வைக்காதீர்கள். மலாவிப் பக்கக் கரை கிழக்கு பார்த்தது, எனவே ஏறக்குறைய எல்லா இடத்திலும் சூரியோதயம்தான் கிடைக்கும். கேப் மெக்ளியர் ஒரு முனையின் மேற்குப் பக்கம் வளைந்து கிடப்பதால் அங்கே சூரியன் தண்ணீரில் மறையும். 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள மலாவி ஏரி தேசியப் பூங்காவும் அதுதான். பாறைகளுக்கு நடுவே நிறம் நிறமாகத் திரியும் சிச்லிட் மீன்களைக் காண முகமூடியும் மூச்சுக்குழாயும் போதும்.

கியர்பெட்டி எழுதியது:

வண்டி விஷயம் நான் சொல்கிறேன். மைல்கல் போட்ட வழியில் லிவிங்ஸ்டோனியா ஏற்றம் ஒன்றைத் தவிர மற்றது பெரும்பாலும் தார்ச்சாலை. குழி உண்டு, ஆனால் சாதாரண கார் தாங்கும். கொரோடே எனப்படும் அந்த ஏற்றம் வேறு ரகம். சிட்டிம்பாவிலிருந்து சுமார் 15 கி.மீ., 20 கொண்டை ஊசி வளைவு, கல்லும் மண்ணும், வெளி ஓரத்தில் தடுப்புச்சுவர் கிடையாது. ஏரியிலிருந்து 800 மீட்டருக்கு மேல் ஏறுகிறீர்கள். அங்கே 4x4 லோ ரேஞ்ச் (வேகம் குறைந்து இழுவிசை கூடும் கியர் அமைப்பு), முதல் கியர். வளைவுக்கு முன் ஹார்ன். பாதி வளைவில் நின்றுவிட்டால் கிளட்சைத் தேய்த்து இழுக்காதீர்கள். பின்னால் உருட்டி, நேராக்கி, மறுபடி ஏறுங்கள். இறங்கும்போதும் அதே லோ ரேஞ்ச் முதல் கியர்தான். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் கீழ்ப்பாதியில் பிரேக் சூடேறிப் பிடிப்பு போய்விடும். மழை பெய்திருந்தால் ஏறவே வேண்டாம்.

இந்த ஒரு இரவுக்காக முழுப் பயணத்துக்கும் 4x4 வாடகை தரப் பிடிக்காவிட்டால், காரை சிட்டிம்பாவில் நம்பகமான விடுதியில் நிறுத்திவிட்டு, மேலே போக உள்ளூர் 4x4 பேசிக்கொள்ளலாம். நடந்தும் ஏறலாம், விடியற்காலையில் கிளம்ப வேண்டும். மேலே 1894-இல் ராபர்ட் லாஸ் நிறுவிய மிஷன் வளாகமும், கொஞ்சம் கீழே மஞ்சேவே அருவியும் இருக்கின்றன.

சிவேட்டா சரிவில் கவனம். தான்சானியாவிலிருந்து வரும் டேங்கர், சரக்கு லாரிகள் எல்லாம் அந்த வழிதான். இறக்கத்தில் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் லாரிக்கு இடம் விட்டு ஒதுங்கிப் போக விடுங்கள். அதற்குப் பிரேக் இருக்கிறதா என்று சோதிக்கும் இடம் அதுவல்ல.

வண்டி எடுக்கும்போது ஸ்பேர் டயரை இறக்கிக் காற்றழுத்தம் பாருங்கள். ஜாக்கி அந்த வண்டியின் உயரத்துக்கு எட்டுகிறதா, ஸ்பேனர் நட்டுக்குப் பொருந்துகிறதா என்று ஒரு சக்கரத்தைத் தளர்த்தியே பாருங்கள். எச்சரிக்கை முக்கோணம் இரண்டு இருக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் காப்பீட்டு வில்லை, தகுதிச் சான்று இரண்டிலும் தேதி பாருங்கள். சோதனைச் சாவடியில் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். ஒப்பந்தத்தில் டயர், கண்ணாடி, அடிப்பாகம் காப்பீட்டில் சேருமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சேராது.

வேகம்: ஊருக்குள் 50, வெளியே 80. ஊர் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் சிக்கல். கடைசி வீடு தாண்டியும் 50 பலகை தொடரும், அங்கேதான் வேகமானியோடு போலீஸ் நிற்கும். அபராதம் கட்டினால் ரசீது கேட்டு வாங்குங்கள்.

இருட்டிய பின் ஓட்டவே கூடாது. ஜூனில் மாலை ஐந்தரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். விளக்கில்லாத சைக்கிள், ஆடு, பழுதாகி நடுச்சாலையில் நிற்கும் லாரி. நான்கு மணிக்குள் தங்குமிடம் சேர்வதுபோல் ஒவ்வொரு நாளையும் வகுத்துக்கொள்ளுங்கள்.

டேங்க்_பாதி எழுதியது:

எரிபொருள் கணக்கு: மேலே சொன்ன வட்டம் சுமார் 1,450 கி.மீ. டபுள் கேப் பிக்கப் 100 கி.மீ.க்கு 12 லிட்டர் என்று வைத்தால் 175 லிட்டர். டேங்க் கொள்ளளவு 80 என்றால் இடையில் குறைந்தது இரண்டு முறை நிரப்ப வேண்டும்.

தட்டுப்பாட்டுக்குக் காரணம் டாலர் பற்றாக்குறை. நாட்டுக்கு வரும் எரிபொருள் முழுக்க இறக்குமதி, அந்நியச் செலாவணி தீர்ந்தால் லாரி வருவதில்லை. 2022 முதல் இது விட்டு விட்டு வருகிறது. ஒரு வாரம் சாதாரணமாக இருக்கும், அடுத்த வாரம் கி.மீ. நீள வரிசை. அதனால் பாதி டேங்க் என்பதைக் காலி என்று நினைத்துக்கொள்ளுங்கள். லிலோங்வே, ம்சுசு, சலிமா மூன்றிலும் தேவை இருக்கிறதோ இல்லையோ நிரப்புங்கள். வண்டியை எடுக்கும்போதே முழு டேங்கோடு தரச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். கேனை நம்பித் திட்டம் போடாதீர்கள். தட்டுப்பாட்டு நாட்களில் கேனில் ஊற்றித் தர மறுப்பார்கள். சாலையோரம் பாட்டிலில் விற்பது கலப்படமாக இருந்தால் டீசல் இன்ஜெக்டர் போய்விடும், மிச்சப்பட்ட நேரமெல்லாம் மெக்கானிக்கிடம்.

பணம்: ஏடிஎம் லிலோங்வேயிலும் ம்சுசுவிலும் நம்பலாம். கரையோர ஊர்களில் இயந்திரம் இருக்கும், பணம் இருக்காது. உள்ளூர்ப் பணமான குவாச்சாவில் பெரிய நோட்டே 5,000தான், கட்டு கட்டாகச் சுமக்க வேண்டும். விடுதிகள் பல டாலர் வாங்கும். கிழிசல், கறை இல்லாத புது நோட்டாக இருக்கட்டும்.

கரைநண்டு எழுதியது:

குளியல் பற்றி யாரும் சொல்லவில்லை. ஏரியில் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோய் உண்டு, கேப் மெக்ளியர் உட்பட. நத்தையிலிருந்து வெளிவரும் புழு தோல் வழியே உள்ளே போகும். நாணல், களைச்செடி, ஊர்த்துறை, ஓடை கலக்கும் இடம் ஆபத்து அதிகம். படகில் போய், கரை தள்ளி ஆழமான நீரில் இறங்கினால் குறைவு. ஆபத்து அறவே இல்லை என்று யாரும் உறுதி தர முடியாது. நத்தை தின்னும் மீன்களை அளவுக்கு மீறிப் பிடித்ததும் நோய் பெருக ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

மருந்து பிரேசிகுவான்டல். பலரும் செய்யும் தவறு, ஊர் திரும்பிய மறுநாளே விழுங்கிவிடுவது. அது வளர்ந்த புழுவைத்தான் கொல்லும், இளம்புழுவைத் தொடாது. கடைசியாகத் தண்ணீரில் இறங்கிய நாளிலிருந்து 6 முதல் 8 வாரம் கழித்து, உடல் எடைக்கேற்ற அளவை மருத்துவர் சொல்லச் சாப்பிட வேண்டும். நடுவில் காய்ச்சல், அரிப்பு வந்தால் ஏரியில் குளித்ததைச் சொல்லுங்கள். ஆனால் காய்ச்சல் என்றால் முதலில் மலேரியாப் பரிசோதனை. நாடு முழுக்க மலேரியா உண்டு, தடுப்பு மாத்திரை கட்டாயம். டாக்சிசைக்ளின் எடுத்தால் தோல் வெயிலில் எளிதில் பொசுங்கும், கரையில் அது தொல்லை.

ஆற்று முகத்துவாரங்களில் முதலை, நீர்யானை. அங்கே கால்கூட நனைக்காதீர்கள்.

ஜூனில் ம்வேரா என்கிற தென்கிழக்குக் காற்று அடிக்கும். 2, 3 நாள் விடாமல் வீசினால் ஏரி கடல்போல் புரளும், படகு கிளம்பாது. நகாட்டா பேயில் இரண்டு இரவு வைத்தது அதனாலும் நல்லது. ஏரியில் ஓடும் பயணிகள் கப்பலான இலாலாவை நம்பி எந்த நாளையும் கட்டாதீர்கள், அட்டவணை அடிக்கடி தவறும். நகோட்டகோட்டா காட்டுக்குள் போனால் கறுப்பு, நீல நிற உடை வேண்டாம், செட்சி ஈ தேடி வந்து கடிக்கும். ம்சுசுவிலும் லிவிங்ஸ்டோனியாவிலும் இரவு குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

வழித்துணை எழுதியது:

நன்றி. திசையை மாற்றிவிட்டேன். விமானம் காலை 11-க்கு, எனவே 8ஆம் இரவு லிலோங்வே. லிவிங்ஸ்டோனியாவிலிருந்து நகாட்டா பே ஒரே நாளில் முடியுமா? 205 கி.மீ. வருகிறது.

கியர்பெட்டி எழுதியது:

முடியும். காலை ஏழுக்கு இறங்கத் தொடங்குங்கள். கொரோடேக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குங்கள். மதியத்துக்குள் ம்சுசு, அங்கே டேங்க் நிரப்பிவிட்டுச் சாப்பாடு. மீதி 50 கி.மீ. இறக்கம்தான், வளைவு அதிகம், மூன்று மணிக்கெல்லாம் சேர்ந்துவிடலாம்.