என்.டி.-3 ஊற்றிய தட்டில் நரம்பிழை ஏன் இவ்வளவு குறைவு?

மாணவி: எம்.எஸ்சி. இறுதியாண்டு புராஜெக்ட். 8 நாள் அடைவைத்த கோழிக்கருவின் முதுகுத்தண்டு ஓரத்திலிருந்து டி.ஆர்.ஜி. முடிச்சுகளை (உணர்வு நரம்பணுக்கள் திரண்டிருக்கும் இடம்) எடுத்து வளர்க்கிறேன். என்.ஜி.எஃப். (நரம்பு வளர்ச்சிக் காரணி) தட்டில் மறுநாளே முடிச்சைச் சுற்றிச் சூரியகாந்தி விரிந்த மாதிரி அடர்த்தியாக இழைகள். அதே குடும்பத்துக் காரணியான என்.டி.-3 (நியூரோட்ரோபின்-3) தட்டில் எண்ணிவிடலாம், அவ்வளவு கொஞ்சம். எதுவுமே சேர்க்காத தட்டு மொட்டை. மூன்று தடவை செய்தாச்சு. என்.டி.-3 கெட்டுப்போச்சா?

பதில் 1: திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைக்கிறீங்களா? சின்னக் குழாய்களில் பிரித்து வையுங்க.

பதில் 2: கெட்டுப்போகலம்மா. கெட்டிருந்தால் அந்தத் தட்டும் மொட்டையாகத்தான் இருக்கும்.

ஒரு முடிச்சுக்குள் இருப்பது ஒரே ஜாதி நரம்பணு இல்லை. வலி, சூடு உணர்பவை டிரக்-ஏ ஏற்பியை வைத்து என்.ஜி.எஃப்.பைப் பிடிக்கும். தசை இழுபடுவதை உணர்பவை டிரக்-சி வழியாக என்.டி.-3-ஐப் பிடிக்கும். இவை எண்ணிக்கையில் குறைவு. உங்கள் தட்டு அதைத்தான் காட்டுகிறது. என்.டி.-3 மரபணு இல்லாமல் பிறக்கும் எலிக்குட்டி கால்களைக் கோணலாக வைத்துக்கொண்டு கிடக்கும், தசையிலிருந்து சேதி வராது. டிரக்-ஏ மரபணு பழுதான குழந்தைகளுக்கு வலியும் தெரியாது, வியர்வையும் வராது. 1996-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். பல் முளைத்ததும் தன் நாக்கையே கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும் குழந்தைகள். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு எனக்கு இந்த ஏற்பி வெறும் பெயராக இருந்ததே இல்லை.

நீங்கள் பார்த்த சூரியகாந்தியை முதலில் பார்த்தவர் ரீட்டா லெவி-மொண்டால்சினி. கட்டி வளர்ந்த இரண்டு எலிகளைச் சின்ன அட்டைப்பெட்டியில் வைத்து ரியோ டி ஜெனிரோவுக்குக் கொண்டுபோய், கட்டித் துண்டுக்குப் பக்கத்தில் முடிச்சை வளர்த்தார்; கட்டியிலிருந்து கசிந்தது இந்த என்.ஜி.எஃப்.தான். 1986-இல் ஸ்டான்லி கோஹனோடு நோபல்.

முடிச்சை டிரிப்சின் நொதி போட்டுத் தனித்தனி அணுக்களாகப் பிரித்து வளர்த்துப் பாருங்க. என்.டி.-3-இல் பிழைப்பவை பெரிய அணுக்களா என்று கவனியுங்க.

பதில் 3: கருவிலும் இதே கதைதான். தோலும் தசையும் இந்தக் காரணிகளைக் கொஞ்சமாகத்தான் சுரக்கும். இழை நுனி பிடித்த காரணி, ஏற்பியோடு சிறு பையில் ஏறி அணுவுடல் வரை பயணிக்கும். கிடைக்காதவை சாகும். காலாக வளரப்போகும் மொட்டினை வெட்டிவிட்டால் அந்தப் பக்க முடிச்சு சிறுத்துப்போவது அதனால்தான்.

மாணவி: பிரித்துப் போட்டேன் அக்கா. பிழைத்தவற்றில் பெரும்பாலும் பெரியவைதான்! பக்கத்து லேபில் டிரக்-சி உள்ள அணுக்களை அடையாளம் காட்டும் ஆன்டிபாடி இருக்காம், திங்கட்கிழமை கேட்கிறேன்.