ஒரே கேபிளில் டிவியும் இணையமும்: மாடியிலிருந்து கீழ்வீட்டுக்குக் கொண்டுவருவது எப்படி?

கீழக்கரை மாடிவீடு:
எங்கள் வீட்டில் ஃபைபர் மாடியில் வந்து இறங்குகிறது. உம்மா இருப்பது கீழே. மூட்டு வலியால் அவர்கள் மாடி ஏறி இரண்டு வருடம் ஆகிறது.

மாடி அறையிலிருந்து கீழே வருவது ஒரே ஒரு கேட் 5இ ரக இணையக் கேபிள், சுவருக்குள் முக்கால் அங்குலக் குழாயில். 2012-ல் மாடி எடுத்தபோது போட்டது. இரண்டாவது கேபிளை நுழைக்க ஸ்பிரிங் விட்டுப் பார்த்தோம். பத்தடியில் ஒரு வளைவில் முட்டி நின்றுவிட்டது. வெளிச்சுவர் வழியாகவும் ஒருமுறை இழுத்தேன். வெயிலும் உப்புக் காற்றும் சேர்ந்து ஒன்றரை வருடத்தில் அதன் மேல்தோல் அப்பளம்போல் நொறுங்கிவிட்டது.

ஃபைபர் பெட்டியில் நான்கு துளைகள். முதல் மூன்றில் இணையம், நான்காவது டிவிக்கு மட்டும் என்று பொருத்தியவர் சொல்லிவிட்டுப் போனார். செட்டாப் பெட்டியை மாடியிலேயே நான்காவதில் செருகினால் படம் சுத்தமாக வருகிறது. ஆனால் கீழே எனக்கு இரண்டும் வேண்டும்: உம்மாவுக்கு டிவி, வைஃபை ரூட்டருக்கு இணையம். துபாயில் இருக்கும் காக்கா (அண்ணன்) இஷா தொழுகைக்குப் பிறகு தினமும் காணொளியில் உம்மாவிடம் பேசுவார்.

மேலே ஒன்று, கீழே ஒன்று எனச் சாதாரண நெட்வொர்க் சுவிட்ச் (பல கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) வைத்து, ஃபைபர் பெட்டியின் ஒன்றாவது துளையையும் நான்காவது துளையையும் மேல் சுவிட்சில் இணைத்தேன். சில நாள் செட்டாப் பெட்டி எழும்பவே இல்லை. எழும்பிய நாளில் படம் வந்தது, ஆனால் சேனல் ஓடத் தொடங்கியதும் கீழ்வீட்டு வைஃபை படுத்துவிட்டது. காக்காவின் முகம் பாதி வாய் திறந்தபடி அப்படியே நிற்கிறது. டிவியை அணைத்தால் அரை நிமிடத்தில் பேச்சு வந்துவிடுகிறது. கேபிள் போதவில்லையா?

தொண்டிக்காரன்:
கேபிளே வேண்டாம், செட்டாப் பெட்டியை வைஃபையில் இணைக்கலாமே?

கீழக்கரை மாடிவீடு:
கீழ்த்தளம் தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் கட்டு, சுவர் ஒன்றரை அடி. மாடி வைஃபை கீழே எட்டவில்லை. செட்டாப் பெட்டியிலும் வைஃபை இல்லை.

ராமநாதபுரம் வயர்மேன்:
கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடி. 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும்; ஆர்ஜே45 முனையில் (கேபிள் நுனியில் செருகும் பிளாஸ்டிக் முனை) 1, 2, 3, 6. மீதி நான்கு கம்பிகளை இன்னொரு முனைக்குக் கொடுத்தால் ஒரே கேபிளில் இரண்டு இணைப்பு. இரண்டு பக்கமும் ஒரேமாதிரி பிரிக்கவேண்டும். தேவிபட்டினத்தில் ஒரு வீட்டில் இப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன், நன்றாக ஓடுகிறது. செலவும் குறைவு. ஆனால் அதன்பிறகு அந்தக் கேபிளில் இணையம் 100-ஐத் தாண்டாது.

மண்டபம் கரை:
வயர்மேன் அண்ணன் சொன்னது சரியான வழிதான். அவசரத்துக்கு அதைச் செய்யலாம். இருந்தாலும் உங்கள் கோளாறு என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள் தம்பி, ஏனென்றால் கேபிள் போதாமல் இல்லை. ஒரு எச்டி சேனலுக்கு நொடிக்கு ஏறத்தாழ 8 மெகாபிட் போதும். கேட் 5இ நூறு மீட்டர்வரை 1000 மெகாபிட் தாங்கும்.

செட்டாப் பெட்டி எழும்பும்போது தனக்கு ஒரு முகவரி கேட்கும். சாதாரண சுவிட்ச் அந்தக் கேள்வியை எல்லாத் துளைக்கும் அனுப்புகிறது. டிவிப் பக்கமும் பதில் சொல்லும், இணையப் பக்கமும் பதில் சொல்லும். இணையப் பக்கம் முந்திக்கொண்ட நாளில் உங்கள் பெட்டி எழும்பவில்லை.

வைஃபை படுத்ததற்குக் காரணம் வேறு. சேனல் வருவது மல்டிகாஸ்ட் முறையில் (ஒரே படத்தைக் கேட்கும் எல்லோருக்கும் சேர்த்து அனுப்புவது), 224 முதல் 239 வரை தொடங்கும் குழு முகவரிகளுக்கு. சாதாரண சுவிட்ச் அதை எல்லாத் துளையிலும் கொட்டிவிடும். கீழே ரூட்டரை லேன் துளையில் (வீட்டுக் கருவிகளுக்கான துளை) செருகியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் அது வந்ததையெல்லாம் காற்றிலும் விட்டுவிடும். மூலையில் இருக்கும் கைப்பேசிக்கும் எட்டவேண்டும் என்பதால் வைஃபையில் மல்டிகாஸ்ட் மிகக் குறைந்த வேகத்தில்தான் போகும். 8 மெகாபிட் படத்தை 6 மெகாபிட் வேகத்தில் ஓயாமல் விட்டுக்கொண்டிருந்தால் உங்கள் காக்கா பேச இடமேது?

இரண்டையும் பிரிக்க விலான் இருக்கிறது, அதாவது ஒரே கேபிளில் தனித்தனி வலைகள். எங்கள் ஊரில் நண்டு ஏற்றும் லாரியைப் பார்த்திருப்பீர்கள். பல வியாபாரிகளின் பெட்டிகள் ஒரே வண்டியில் போகும், ஒவ்வொன்றிலும் அவரவர் பெயின்ட் குறி. இறக்குமிடத்தில் குறி பார்த்துப் பிரிப்பார்கள். 802.1கியூ என்ற தரமும் இப்படித்தான். ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் 4 பைட் குறியைச் சேர்க்கிறது; அதில் 12 பிட் விலான் எண்ணுக்கு, 1 முதல் 4094 வரை வைக்கலாம். செட்டாப் பெட்டிக்குக் கொடுக்கும்முன் சுவிட்சே குறியைக் கழற்றிவிடும்.

802.1கியூ என்று அட்டையில் போட்ட ஐந்து துளை ஸ்மார்ட் சுவிட்ச் (கணினியிலிருந்து அமைப்பை மாற்றக்கூடியது) இரண்டு வாங்குங்கள். இணையத்துக்கு 10, டிவிக்கு 20 என்று வையுங்கள். இரண்டு சுவிட்சிலும் சுவர்க் கேபிள் 1-ஆம் துளையில். அங்கே 10, 20 இரண்டும் டேக் (குறி) உடன். இணையம் 2-ஆம் துளையில், 10 மட்டும், டேக் இல்லாமல். டிவி 5-ஆம் துளையில், 20 மட்டும், டேக் இல்லாமல். இந்த இரண்டு துளைகளையும் விலான் 1-இலிருந்து (எல்லாத் துளைகளும் முதலில் இருப்பது அதில்தான்) நீக்கிவிடுங்கள். பிறகு பிவிஐடி என்று தனிப் பக்கம் இருக்கும். அதில் 2-க்கு 10, 5-க்கு 20. பலரும் தவறுவது இங்கேதான். வெளியே போகும் பொட்டலத்துக்கு உறுப்பினர் பட்டியல், டேக் இல்லாமல் உள்ளே வருவதற்குப் பிவிஐடி. ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால் போக்குவரத்தில் ஒரு பக்கம்தான் திறந்திருக்கும். அமைக்கும்போது கணினியை 3-ஆம் துளையில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாதியில் சுவிட்சுக்குள் நுழைய முடியாமல் போய்விடும்.

கீழக்கரை மாடிவீடு:
மல்டிகாஸ்ட் விளக்கம் அப்படியே என் வீட்டுக் கதை அண்ணன். ரூட்டர் லேன் துளையில்தான் இருந்தது. நேற்று சுவிட்சுகளைப் பொருத்தினேன். பிவிஐடியைக் கீழே மாற்றினேன், மேலே மறந்துவிட்டேன். அரை மணி நேரம் கறுப்புத் திரை. மாற்றியதும் படம் வந்தது.

ஒரு சந்தேகம். சுவர்க் கேபிள் துளையில் மட்டும் விளக்கு மஞ்சளாக எரிகிறது, மற்றவை பச்சை. கையேட்டில் மஞ்சள் என்றால் 100 மெகாபிட் என்று இருக்கிறது.

ராமநாதபுரம் வயர்மேன்:
எட்டில் ஏதோ ஒரு கம்பி தொடவில்லை தம்பி. 1000-க்கு நான்கு ஜோடியும் வேண்டும். 1, 2, 3, 6 சரியாக இருந்து மற்ற நான்கில் ஒன்று போனால் சுவிட்ச் 100-க்கு இறங்கி ஓட்டும். நம் கரையோரத்தில் முதலில் முனையைத்தான் பார்க்கவேண்டும். கீழ்ப்பக்கத்து முனையை வெட்டி, கம்பியைப் பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் முழுச் செம்பு. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம். அது உப்புக் காற்றில் சீக்கிரம் பொடிந்துவிடும், எத்தனை முனை போட்டாலும் நிற்காது.

கீழக்கரை மாடிவீடு:
சுரண்டினேன், சிவப்புதான். ஆனால் பழுப்பு ஜோடியின் நுனி இரண்டும் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேர் கீழே அந்த முனை. நான்கு அங்குலம் வெட்டியபிறகுதான் பளபளக்கும் செம்பு வந்தது. புது முனை போட்டதும் விளக்கு பச்சை. முனையை இப்போது மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

நேற்றிரவு டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே காக்கா பேசினார், இருபது நிமிடம், ஒருமுறையும் நிற்கவில்லை. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அவர்தான் உம்மாவிடம் கெஞ்சினார்.

மாமி அறைக்கும் ஒரு செட்டாப் பெட்டி கேட்கிறார்கள். 4-ஆம் துளையையும் 20-இல் சேர்த்தால் போதுமா?

மண்டபம் கரை:
போதும். 4-க்கும் பிவிஐடி 20, விலான் 1-இலிருந்து நீக்கம். இதுவரை டிவி விலானில் ஒரே பெட்டி இருந்ததால் தேவைப்படவில்லை. இனி ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை இரண்டு சுவிட்சிலும் போட்டுவிடுங்கள். எந்தப் பெட்டி எந்தச் சேனலைக் கேட்டதோ அந்தத் துளைக்கு மட்டும் அதை அனுப்பும். கடைசியில் சேமிக்கும் பொத்தானை அழுத்துங்கள். சில சுவிட்சுகள் அதை அழுத்தாவிட்டால் அடுத்த மின்வெட்டில் எல்லாவற்றையும் மறந்துவிடும்.