நம்ம சிங்கப்பூர்ல பிடிச்ச வேலைக்காக நல்ல வேலையை விட்டவங்களைப் பார்த்திருக்கீங்களா?

பிடோக் மாமா:
தங்கை மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் எந்திரவியல் முடிச்சு, தேசிய சேவையும் முடிச்சிட்டான். அடுத்து பல்கலைக்கழகம்னு வீடே நினைச்சிட்டிருக்க, "படம் வரையப் போறேன் மாமா, அதான் இனி தொழில்"ங்கிறான். தங்கை மூணு நாளா சரியாச் சாப்பிடலை. புத்திமதி வேணாம், அது எங்க வீட்டிலேயே நிறைய இருக்கு. இப்படிப் போனவங்களை நேர்ல பார்த்திருந்தா சொல்லுங்க.

செங்காங் அம்மா:
போன வருஷம் நவராத்திரி சமயம். கோயில்ல மகன் வாசிக்க அஞ்சே நாள் இருக்கு, மிருதங்கத்துல வலந்தலை, அதான் வலப்பக்கத் தோல், கிழிஞ்சு போச்சு. வழக்கமா டிசம்பர் லீவுல இந்தியாவுக்குத் தூக்கிட்டுப் போய்த்தான் தோல் மூட்டு மாத்துவோம். வாத்தியார் உட்லண்ட்ஸில் ஒருத்தரைச் சொன்னார்.

நாலறை வீடு. கதவைத் திறந்ததுமே தோல் வாடை. ஹால்ல சோபா கிடையாது. பழைய நாளிதழ் விரிச்சு, நடுவுல பலாமரக் கட்டை ரெண்டு. தோல் நடுவுல இருக்கிற கருப்பு வட்டம், அதான் கரணை, அதை வைக்கிறதை அன்னைக்குத்தான் பார்த்தேன். கருப்புப் பசையைத் துளியூண்டு தடவி, கல்லால தேய்ச்சுத் தேய்ச்சு, காயவிட்டு, மறுபடி தடவல். நம்ம ஊர் ஈரக்காத்துல அது காயறதுக்குள்ள நான் ரெண்டு டீ குடிச்சிட்டேன்.

சிப் தொழிற்சாலையில பதினோரு வருஷம் இன்ஜினியரா இருந்தவராம். "1949லயே இங்க இந்திய நுண்கலைக் கழகம் தொடங்கியாச்சு. சொல்லித்தர ஆள் இருக்கு, வாசிக்கப் பிள்ளைங்க இருக்கு. கிழிஞ்சா மட்டும் விமானம் ஏறணுமா?"ன்னார். லீவு லீவாப் போட்டுத் தஞ்சாவூர்ல ஒரு பட்டறையில உக்காந்து கத்துக்கிட்டு, அப்புறம்தான் வேலையை விட்டிருக்கார்.

பணத்தைப் பத்தி நான் கேட்கலை, அவரே சொன்னார். சம்பளம் வாங்கினப்ப நம்ம பங்கு 20 விழுக்காடு, முதலாளி பங்கு 17 விழுக்காடு சிபிஎப் சேமநிதியில விழும். வீட்டுத் தவணை அதுலேர்ந்தே கழியும், கண்ணுக்கே தெரியாது. சொந்தத் தொழில்னா மெடிசேவ்ங்கிற மருத்துவச் சேமிப்பு மட்டும்தான் கட்டாயம், அதுவும் வருஷ நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினா. மத்ததெல்லாம் நாமளாப் போட்டா உண்டு. கணக்குல இருந்தது கரைஞ்சு, தவணையை முதல் தடவை ரொக்கமாக் கட்டின அன்னைக்குத்தான் வேலையை விட்டதே உறைச்சுதாம்.

பேசிட்டிருக்கும்போதே அவர் மனைவி நர்ஸ் உடுப்போட வெளிய வந்து, "சோறு குக்கர்ல இருக்கு"ன்னு சொல்லிட்டு ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பினாங்க. மனைவியோட அம்மா சோத்தைப் போட்டுட்டு எங்கிட்ட மெல்லக் கேட்டாங்க: "உங்களுக்குத் தெரிஞ்ச கம்பெனியில இன்ஜினியர் வேலை ஏதும் இருக்காம்மா?" அவர் காதுல விழுந்துது. தலை நிமிரலை, வாரை இழுத்துக் கட்டிட்டே இருந்தார்.

மிருதங்கம் ஜம்முனு பேசுச்சு. கேட்டதுக்கு மேல இருபது வெள்ளி கொடுத்தேன், வாங்க மாட்டேன்னுட்டார். எனக்கு அதுல கொஞ்சம் கோபம்தான். வாங்கியிருக்கணும்.

ஊசிநூல்:
நான் போயிட்டுத் திரும்பி வந்தவ. வங்கி வேலையை விட்டுட்டு ஆரி வேலைப்பாடு ரவிக்கை தைக்க உக்காந்தேன். தீபாவளிக்கு முன்னாடி ரெண்டு மாசம் தூங்க நேரமிருக்காது. மத்த மாசம் போன் அடிக்காது. அடிச்சாலும், "நம்மாளுதானே, குறைச்சுக்கோ அக்கா." வெளியில ஒரு கைக்கு நூறு வெள்ளிக்கு மேல கேட்கிற வேலையை எங்கிட்ட நாப்பதுக்குக் கேப்பாங்க. பதினாலு மாசம் தாங்கினேன். இப்ப மறுபடி ஆபீஸ், சனிக்கிழமை மட்டும் ஊசி. தோத்துட்டேன்னு சித்தி சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணலை. இப்ப எனக்குப் பிடிக்காத டிசைனை முடியாதுன்னு சொல்ல முடியுது, அப்ப முடியலை.

மாமா, பையன் காசுக்கு வரைஞ்சிருக்கானா, இல்லை நண்பர்களுக்குச் சும்மாவா? அதைக் கேளுங்க முதல்ல.

பிடோக் மாமா:
கேட்டேன். இதுவரைக்கும் ரெண்டு பேர் காசு கொடுத்திருக்காங்களாம், அதுல ஒருத்தன் பாதிதான். நீங்க எழுதினது எல்லாத்தையும் படிக்கக் கொடுத்தேன். பொறுமையாப் படிச்சிட்டு, "அப்ப முதல்ல நர்ஸ் பொண்ணாப் பார்க்கணுமா மாமா?"ங்கிறான்.

எனக்குச் சிரிப்பு வந்துது. தங்கைக்கு வரலை.