ஜப்பான்காரர் 'பரிசீலிக்கிறோம்' என்றால் என்ன அர்த்தம்?

தண்டையார்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஆறு வாரம் முன்பு நந்தம்பாக்கம் கண்காட்சியில் ஒரு ஜப்பான் நிறுவன மேலாளரைச் சந்தித்தேன். அவர் இரண்டு கையாலும் விசிட்டிங் கார்டை நீட்டினார். நான் ஒரு கையால் வாங்கி, பார்க்காமலே பின் பாக்கெட்டில் செருகிவிட்டேன். நின்று படித்துப் பார்ப்பதுதான் அவர்களுக்கு மரியாதையாம், அப்புறம்தான் தெரிந்தது. ஆர்டர் கேட்டதற்கு 'பரிசீலிக்கிறோம்' என்றார். மண்ணடி கடைத்தெருவில் என்றால் ஒரு டீ குடிப்பதற்குள் விலை படிந்துவிடும்!

இதுவரை விலைப்பட்டியலோடு மூன்று மெயில், இரண்டு வாட்ஸ்அப், ஒரு போன். மாதிரிக்கு 12 புஷ்ஷும் (இயந்திரத் தண்டைத் தாங்கும் குழல் போன்ற பாகம்) அனுப்பினேன். 'கிடைத்தது, நன்றி' என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். அங்கே கீழிருந்து மேல்வரை பலர் முத்திரை வைத்தால்தான் முடிவாகும் என்கிறார்கள்.

அவர்களோடு தொழில் செய்தவர்கள் சொல்லுங்கள்: இது நாசூக்கான மறுப்பா, இல்லை இன்னும் காத்திருக்கலாமா?